கழற்றி மாட்டும் பேரல்

தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய சாம்பியன் ரீப்ஸ் லைன் வீடுகளில் ஏனோக்கை நம்பாதவர்கள் கிடையாது. ஏனோக் நம்பியவர்களும் கிடையாது. கறிக்கடையில் குனிந்து தராசுத் தட்டின் அடியைப் பார்ப்பார். சர்ச்சில் காணிக்கைப் பை சுற்றி வரும்போது, அதை ஏந்தி வருகிறவர் கையிலேயே கண்ணாக இருப்பார். இப்படிப்பட்ட மனிதருக்கு ராபர்ட்சன்பேட்டை அடகுக் கடையில் கன்மேன் வேலை கிடைத்ததில் ஆச்சரியம் என்ன? சந்தேகப்படுவதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று அவர் மனைவி வின்னி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

சொந்த லைசென்ஸும் சொந்த ஆயுதமும் இருந்தால்தான் வேலை நிரந்தரம் என்றார் முதலாளி. அலையாய் அலைந்து லைசென்ஸ் வாங்கியதும் ஏனோக் பெங்களூர் துப்பாக்கிக் கடைக்குப் போனார். கடைக்காரர் பழைய வெளிநாட்டு ரிவால்வர் ஒன்றை எடுத்து வைத்தார். கூடவே குண்டு பாயும் குழாய்கள், இரண்டு பேரல்கள், ஒன்று குட்டை, ஒன்று நெட்டை.

"கழட்டி மாத்திக்கலாம் சார். சின்னது இடுப்புல வெச்சுக்க. பெருசு குறி பாத்துப் பழக."

"ஒரு துப்பாக்கிக்கு எதுக்குப்பா ரெண்டு? ஒண்ணுல இன்னா கோளாறு?"

"கோளாறே இல்ல சார். இந்த மாடலே அப்படித்தான்."

"அப்போ முன்னாடி வெச்சிருந்தவர் ஏன் வித்தாரு?"

"செத்துட்டாரு சார்."

"எப்படி?"

கடைக்காரர் பொறுமையின் எல்லைக்கே போய்விட்டார். சர்க்கரை வியாதி என்று தெரிந்த பிறகுதான் ஏனோக் ரிவால்வரைக் கையில் எடுத்தார். பேரல்கள் இரண்டையும் லைசென்ஸில் தனித்தனியாகப் பதியச் சொல்லி, பதிந்ததைத் தன் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் ரயிலேறினார்.

அந்த ரிவால்வரைப் பேணுவது பிள்ளை வளர்க்கிற மாதிரி. பேரலைத் திருகி உள்ளே ஏற்றும்போது, தோட்டா இருக்கும் உருளைக்கும் பேரலுக்கும் நடுவே மெல்லிய தகடு ஒன்றைச் செருகி இடைவெளி பார்க்க வேண்டும். ரொம்ப நெருங்கினால் உருளை சுற்றாது. ரொம்ப விலகினால் நெருப்புப் பொறி பக்கவாட்டில் சீறும். அளவு சரியான பிறகு பேரலுக்கு மேல் இரும்பு உறையை மாட்டி, ஸ்பேனரால் நட்டை இறுக்க வேண்டும். ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாளை விரித்து, பிரஷ்ஷும் எண்ணெயுமாக ஏனோக் உட்கார்ந்துவிட்டால் வீட்டில் யாரும் மூச்சு விடக் கூடாது.

ஆனால் அந்த ரிவால்வர் ஒரு ராத்திரிகூட முழு உருவத்தில் இருந்ததில்லை. சுரங்கம் மூடுவதற்கு முன்பு, இளவட்டமாக இருந்தபோது, ஏனோக் வெடி வைக்கும் ஆட்களோடு உள்ளே இறங்கியவர். வெடிமருந்தும் அதைப் பற்றவைக்கும் கேப்பும் ஒரே கேஜில், அதாவது சுரங்க லிஃப்டில், இறங்கக் கூடாது என்பது அங்கே சட்டம். அந்தப் பழக்கத்தில் வேலை முடிந்து வந்ததும் பேரலைக் கழற்றிவிடுவார். ரிவால்வர் பீரோவில், தோட்டா டிரங்குப் பெட்டியில், பேரல்கள் இரண்டும் துணியில் சுற்றி வேறெங்காவது. அந்த வேறெங்காவது அடிக்கடி மாறும். வீட்டில் ஆள் நடமாட்டம் இருக்கிறதே!

ஆள் என்றால் வின்னியின் தம்பி சைலஸ். பெங்களூரில் வேலை போய், அக்கா வீட்டில் வந்து தங்கியிருந்தான். ஒரு சனிக்கிழமை அவன் மேஜைமேல் கிடந்த ஸ்பேனரை எடுத்துப் பார்த்தான்.

"மாமா, ஒரு தபா நான் மாட்டிப் பாக்கட்டா?"

"கைய எடுடா! இன்னாத்துக்கு உனக்கு அது? யாரு கேக்கச் சொன்னது?"

அன்று ஏனோக் போட்ட கூச்சல் வரிசையின் கடைசி வீடு வரைக்கும் கேட்டது.

மறுநாள் ஞாயிறு. வின்னி முதல் ஆராதனைக்குப் போயிருந்தாள். தேர்தல் அறிவித்திருந்ததால் லைசென்ஸ் ஆயுதம் எல்லாவற்றையும் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமை கெடு. பேரல்களை எடுத்துத் துடைத்து வைப்போம் என்று ஏனோக் பரண்மேல் கையை விட்டார். துணி மட்டும் வந்தது. பேரல் இரண்டையும் காணோம்.

பரணைக் கொட்டிக் கவிழ்த்தார். முன்பு ஒளித்த இடமெல்லாம் தேடினார். இல்லை. பேரல் இல்லாமல் போய் நின்றால் லைசென்ஸ் போகும், வேலை போகும், கேஸும் வரும். கால்கள் நேரே சைலஸிடம் போய் நின்றன.

"வெளியே வாடா."

வாசலில் வைத்து அவனுடைய பையைக் கவிழ்த்தார். சட்டையைக் கழற்றச் சொன்னார். கையைத் தூக்கச் சொன்னார். ஷிஃப்ட் முடிந்து மேலே வந்ததும் சுரங்கத்து வாசலில் காவலர்கள் தங்கம் தேடிய அதே வரிசையில், அக்குள், இடுப்பு மடிப்பு, செருப்பு எல்லாம் தடவினார். தன் உடம்பில் நடந்தது அவருக்கு நன்றாகவே மனப்பாடம். அக்கம்பக்கத்து ஜன்னல்கள் திறந்தன. சைலஸ் சொன்னதையெல்லாம் செய்தான். ஒன்றும் கிடைக்காததும் சட்டையை மாட்டிக்கொண்டு, சிதறிய துணிகளைப் பொறுக்கிப் பையில் திணித்து, ரயில்வே ஸ்டேஷனைப் பார்த்து நடந்தான்.

வின்னி திரும்பி வந்து விஷயத்தைக் கேட்டதும் பைபிளைக்கூடக் கீழே வைக்கவில்லை. தையல் மிஷின் டிராயரை இழுத்து, பேரல்கள் இரண்டையும் எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"நீயா எடுத்தே?"

"நேத்து அவன்கிட்ட கத்திக்கினே பீரோவைத் திரும்பிப் பாத்தீங்க. எனக்குக் கொல நடுங்கிப் போச்சு. நீங்க தூங்கினதும் தேடி எடுத்து வெச்சேன். கோவம் தணியட்டும், சர்ச் முடிஞ்சி வந்து சொல்லலாம்னு இருந்தேன்."

"நான் அவனைச் சுட்டுடுவேன்னு நெனச்சியா?"

"யாரைத்தான் நீங்க நம்புறீங்க? உங்கள மட்டும் நான் எப்படி நம்புறது?"

இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் தன்னைப் பார்த்துப் பயந்திருக்கிறாள் என்பது ஏனோக் சந்தேகப்படாத ஒன்று.

வின்னி போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் ரயில் சத்தத்துக்கு நடுவே அவன் குரல் வந்தது.

"கெடச்சிட்ச்சாக்கா?"

அவள் போனை ஏனோக் பக்கம் நீட்டினாள். அதற்குள் அவனே பேசினான்.

"இன்னும் கெடைக்கலியா? மாமாவுக்குச் சந்தேகமா இருந்தா சொல்லுக்கா. பங்காருப்பேட்டைல எறங்கித் திரும்பி வரேன். இன்னொரு தபா நல்லாப் பாத்துக்கட்டும்."