ஹெலிகாப்டரிடம் ஓடினேன்

எண்பதுகளில் சவுதியிலிருந்து மச்சான் கொண்டுவந்த ரிமோட் ஹெலிகாப்டரை, தருமபுரியில் ஒரு மைதானத்தில் பறக்கவிட்டேன். கொஞ்ச நேரத்திலேயே அது தடுமாறி, புளி மூட்டையோடு நடந்துபோன சித்தேரி மலைக் கிராமத்து விவசாயி ஒருவர்மேல் மோதி விழுந்தது.

நான் ஓடினேன். அவரிடம் அல்ல, ஹெலிகாப்டரிடம். இறக்கைகள் முறிந்து வால் வளைந்திருந்தது. மாற்றுப் பாகங்களை வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். இரண்டு மாதச் சம்பளம் போய்விடும்.

“பாத்து நடக்கக் கூடாதாய்யா?” என்று கத்தினேன்.

அவர் முழங்கையில் ரத்தம் சொட்டச் சொட்ட, புல்லில் சிதறிய துண்டுகளைப் பொறுக்கி என்னிடம் நீட்டினார். “மன்னிச்சிக்கோங்க சார். ரிப்பேருக்கு ரொம்பச் செலவாவுங்களா?”

அப்போதுதான் காயத்தைப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்; ஏழு தையல் போட்டார்கள்.

ஹெலிகாப்டரை நான் சரிசெய்யவே இல்லை. அன்று கத்திய என் குரலை நினைத்தால் இன்றும் எனக்கே வெட்கமாக இருக்கிறது.