ஜெயசீலி போட்ட ஓகே

அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில், உள்ளூர்க் கடைக்காரர்களின் மெயிலுக்குத் தமிழில் பதில் போடுவது ஜெயசீலியின் வேலை. பத்து வருஷமாக ஒரே பதிலைத் தினம் முப்பது தடவை அடித்துக்கொண்டிருந்தாள்: "தாமதத்துக்கு வருந்துகிறோம். சரக்கு நாளை காலை கண்டிப்பாக வந்துவிடும்."

பக்கத்து சீட் இஃபத்துக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. "ஏன்க்கா விரல் தேய அடிக்கிற? ரெண்டு எழுத்து வச்சுக்கோ. அத அடிச்சா முழுசும் தானா வந்துடும். வேற எதுக்கும் அடிக்காத எழுத்தா பாத்து வை" என்று கம்ப்யூட்டரில் வழி காட்டினாள். இருந்த உற்சாகத்தில் கடைசி வரி ஜெயசீலியின் காதில் ஏறவில்லை. 'ஓகே' என்று வைத்துக்கொண்டாள்.

அன்று மதியம் மேனேஜர் அருள்தாஸிடமிருந்து மெயில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வானகரத்தில் மகள் கல்யாணம், குடும்பத்தோடு வரவேண்டும். ஜெயசீலி ஓகே அடித்து, திரையைப் பார்க்காமலே அனுப்பிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தாள்.

ஐந்தே நிமிஷத்தில் அருள்தாஸ் போனும் கையுமாக எதிரே வந்து நின்றார். சர்ச்சில் மதுவுக்கு எதிராகப் பேசுகிறவர். குரலைத் தாழ்த்தி, "எங்க வீட்டுக் கல்யாணத்துல சரக்கெல்லாம் கெடையாதும்மா. உங்கிட்ட யார் கேட்டாங்க?" என்றார்.

போனில் இருந்த தன் பதிலைப் படித்த பிறகுதான் ஜெயசீலிக்கு விஷயம் புரிந்தது. இஃபத் மேஜைக்கடியில் பேனா தேடுவதுபோல் குனிந்து சிரித்தாள். ஜெயசீலி தட்டுத்தடுமாறி நடந்ததைச் சொல்லி முடித்தாள்.

அருள்தாஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னும் அறுபது பேருக்கு அழைப்பு அடிக்கணும். எனக்கும் இத போட்டுக் குடு."