பந்து இல்லாத பக்கம்

மகள் ஆடுகளத்துக்குள் என்னதான் செய்கிறாள் என்று சீட் கவர் அக்காவுக்கு விளங்கவே இல்லை. பந்தை எடுக்க வேண்டும், வளையத்துக்குள் போட வேண்டும். இது நடக்கப் பழகும் குழந்தைக்குக்கூடத் தெரியும். மற்ற நாலு பெண்களும் அதைத்தான் செய்கிறார்கள். இவளோ பந்து கைக்கு வந்தால் சூடான பாத்திரத்தைத் தொட்டவள் மாதிரி உடனே இன்னொருத்தியிடம் தள்ளிவிடுகிறாள். அப்புறம் எங்கேயோ ஓரமாகப் போய், காலை அகட்டி, கைகளை நெஞ்சோடு வைத்துக்கொண்டு மரம் மாதிரி நிற்கிறாள். எதிரணிக்காரி ஓடிவந்து முட்டுகிறாள். இவள் விழுகிறாள். எழுந்து, தூசியைத் தட்டிக்கொண்டு, வேறொரு இடத்தில் போய் அதே மாதிரி நிற்கிறாள்.

"நிக்கறதுக்கு எதுக்குடி இவ்வளவு தூரம் வரணும்? வீட்லயே நின்னிருக்கலாமே" என்று அக்கா வாய்விட்டே சொன்னாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருந்துக் கடைக்காரர் சிரித்தார். அணித் தலைவியின் அப்பா அவர். அந்தப் பெண் நெட்டையாக இருப்பாள், எல்லோரும் அவளை நெட்டை என்றே கூப்பிடுவார்கள். பாதிக்கு மேல் புள்ளிகள் எடுப்பது அவள்தான். அதனால் அந்த மனிதருக்குக் கால் தரையில் படாது.

"எல்லாராலயும் போட முடியுமாம்மா? ஏதோ டீம்ல இருக்கா, அதுவே பெருசுதான்" என்றார்.

அக்காவுக்கு மூக்கின் மேல் கோபம் வந்தது. அடக்கிக்கொண்டாள்.

அக்கா வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கிறவள். பழுது பார்க்கும் பட்டறைக்குப் பின்னால் தகரக் கொட்டகை, அதில் ஒரு கனத்த மோட்டார் தையல் மெஷின், சுவரோரமாக ரெக்சின் சுருள்கள், மூலையில் கழற்றிப் போட்ட வேன் சீட்டுகள். மகள் தவழ்ந்ததும் தூங்கியதும் அந்த ஃபோம் துண்டுகளின் மேல்தான். பத்து வயதிலேயே ரெக்சின் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு தெரு முனை வரை போய்விடுவாள். அதனால் தோள் அகன்று போனது. பள்ளிக்கூடத்தில் போட்டோ எடுத்தால் கடைசி வரிசை. பஸ்ஸில் ஏறினால் "கொஞ்சம் தள்ளும்மா". துணிக்கடையில் "இந்த சைஸ் இல்ல". அந்தப் பெண் எதற்கும் முகம் வாடி அக்கா பார்த்ததில்லை. வாடாத முகத்துக்குள் என்ன இருந்தது என்று கேட்டதும் இல்லை. மெஷின் ஓடும்போது யார் எதைக் கேட்பது?

கூடைப்பந்துக்கு அவள் போனதே ஒரு விபத்து. கல்லூரி உள்ளரங்கத்தின் மெத்தைகள் கிழிந்து போய், புது உறை தைக்கும் வேலை அக்காவிடம் வந்திருந்தது. மகள் அதே கல்லூரியில் படித்ததால், தைத்த மெத்தையை அவளே தோளில் சுமந்துகொண்டு உள்ளே நுழைந்தாள். பயிற்சி நடந்துகொண்டிருந்தது. பந்தைப் பார்த்தபடி பின்பக்கமாகவே ஓடிவந்த இரண்டு பெண்கள் அவள் மேல் மோதினார்கள். அவர்கள் ஆளுக்கொரு பக்கம் விழுந்தார்கள். இவள் மெத்தையைக்கூடக் கீழே விடவில்லை. "அடி பட்டுச்சா?" என்று அவர்களைக் கேட்டாள். அப்போதுதான் பயிற்சியாளர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். அவருக்குப் பெயரே விசில் மேடம். "நீ எந்த டிபார்ட்மெண்ட்?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

இப்போது மூன்றாம் வருடம். அக்கா ஆட்டம் பார்க்க வந்தது இந்த வருடம்தான். வந்ததற்கு நன்றாகக் கிடைத்தது. இடைவேளைக்குப் பிறகு, ஓரமாக நின்ற பெண்கள் எல்லாம் சேர்ந்து, "பீரோ! பீரோ!" என்று கத்தினார்கள். யாரை என்று தேடிப் பார்த்தாள். தன் மகளைத்தான்.

ஆட்டம் முடிந்ததும் அக்கா நேராக விசில் மேடத்திடம் போய் நின்றாள்.

"என் பொண்ணு என்ன மேடம் பண்றா உள்ள?"

"நல்லா பண்றாம்மா. அவ இல்லாம நான் டீம் இறக்கறதே இல்ல."

"அதான் என்ன பண்றா?"

"மறைக்கறா. நெட்டையைத் துரத்தி வர்றவங்களுக்குக் குறுக்க போய் நிக்கறா."

"மறைக்கறதுக்கு இங்க என்ன திருட்டா நடக்குது? மூணு வருஷமா முட்டு வாங்கறா, ஒரு தடவையாவது பந்தைக் குடுத்தீங்களா? பேரு வேற வெச்சிருக்காங்க, பீரோன்னு. உங்க பொண்ணா இருந்தா கேட்டுட்டு இருப்பீங்களா?"

விசில் மேடம் நின்று விளக்கப் பார்த்தார். அக்கா விட்டால்தானே. ஒரு பக்கம் போன் அடித்தது, இன்னொரு பக்கம் பஸ் ஹாரன் அடித்தது. அடுத்த ஆட்டம் கடைசி இடத்தில் கிடந்த கல்லூரியோடு. கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் குடி முழுகிப் போகாது என்று நினைத்தாரோ என்னவோ, "சரிம்மா, அடுத்த மேட்ச்ல அவளுக்கு பந்து குடுக்கச் சொல்றேன். போதுமா?" என்றார்.

குடி முழுகித்தான் போனது.

பந்து வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. ஒன்று பலகையில் பட்டுத் திரும்பியது. ஒன்று வளையத்துக்கு மேலே பறந்து சுவரில் பட்டது. ஒன்று எங்கே போனதென்றே தெரியவில்லை. ஒன்றே ஒன்று வளையத்தில் சுற்றிச் சுற்றி, போனால் போகிறது என்று உள்ளே விழுந்தது. அக்கா எழுந்து நின்று ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள். அவள் கத்திய சந்தோஷத்தில், நெட்டைக்கு என்ன ஆயிற்று என்று கவனிக்கவில்லை. நெட்டை எங்கே திரும்பினாலும் முகத்துக்கு முன்னால் யாருடைய கையோ இருந்தது. இதுவரை யாரிடமும் தோற்காத கல்லூரி, எல்லோரிடமும் தோற்ற கல்லூரியிடம் தோற்றது.

பஸ்ஸில் மகள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"ஒண்ணு போட்டியேடி, அழகா" என்றாள் அக்கா.

"நீதான போய் கேட்ட?"

"ஆமா, கேட்டேன். பெத்தவ கேக்காம வேற யார் கேப்பா?"

"நான் உன்கிட்ட கேட்டேனாம்மா?"

பஸ் நின்றதும் மகள் முதல் ஆளாக இறங்கிப் போனாள். மறுநாள் போய் விளையாட்டு பனியனை விசில் மேடத்தின் மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டாள். மிச்சம் இருந்தது ஒரே ஓர் ஆட்டம். ஜெயித்தால் கோப்பை. தோற்றாலும் ஜெயித்தாலும், படிப்பு முடிவதால் அவளுக்கு அதுதான் கடைசி.

சாயங்காலங்களில் மகள் கொட்டகைக்கு வந்து உட்கார்ந்தாள். ஃபோம் வெட்டினாள், பழைய சீட்டுகளில் ஆணி பிடுங்கினாள். சண்டை போட்டிருந்தால் அக்காவுக்குச் சமாளிக்கத் தெரியும். மகளோ எதைக் கேட்டாலும் "சரிம்மா" என்றாள். இனி முட்டும் இல்லை, பட்டப் பெயரும் இல்லை. நிம்மதியாக இருக்க வேண்டியதுதானே? இருக்க முடியவில்லை. லாரி ஓட்டப் போன கணவருக்கு அக்கா போன் போட்டாள்.

"நான் ஒண்ணும் தப்பா கேக்கலியே?"

"நீ எப்ப தப்பா கேட்டிருக்க?" என்றார் அவர். அது ஆறுதலா குத்தலா என்று பிடிபடவில்லை. அதற்குள் லைனும் போய்விட்டது.

அப்போதுதான் ஒருநாள் நெட்டை வந்தாள். கொட்டகை வாசல் அவளுக்குக் குட்டை. குனிந்து உள்ளே வந்து, நிமிர்ந்து, தகரத்தில் தலையை இடித்துக்கொண்டாள். மகள் ஒரு வேனுக்கு சீட் மாட்டப் போயிருந்தாள்.

"ஆன்ட்டி, அவளை அனுப்புங்க. அவ இல்லாம என்னால போட முடியல."

"நீதானம்மா பெரிய ஆளு. உங்கப்பா சொன்னாரு."

"நானும் அப்படித்தான் ஆன்ட்டி நெனச்சிட்டு இருந்தேன்."

அக்கா மெஷினை நிறுத்தினாள். "சரி, எனக்குப் புரியற மாதிரி சொல்லு. என்ன பண்றா அவ?"

நெட்டை சுற்றும் முற்றும் பார்த்தாள். ஒரு பெரிய வேன் சீட்டை இழுத்து நடுவில் நிறுத்தினாள். "இதுதான் அவ. நான் பந்தை எடுத்துட்டு ஓடறேன். நீங்க என்னைப் பிடிக்கணும். என்னை மட்டும் பாருங்க."

"இந்த வயசுல என்னை ஓட விடறியா?" என்று முறைத்தாலும், அக்கா புடவையைத் தூக்கிச் செருகினாள். நெட்டை சீட்டை உரசிக்கொண்டு ஓடினாள். அக்கா அவள் முதுகையே பார்த்துக்கொண்டு துரத்தி, முழங்காலை சீட்டின் இரும்பில் இடித்துக்கொண்டு, "அடி பாவி!" என்று அலறினாள். நிமிர்ந்து பார்த்தால் நெட்டை வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு, இல்லாத பந்தை இல்லாத வளையத்துக்குள் சாவகாசமாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அக்கா முழங்காலைத் தேய்த்தாள். "அப்ப இடி வாங்கறது அவ, போடறது நீ, பேரும் உனக்கு."

"ஆமா ஆன்ட்டி."

"இது நியாயமாடி?"

நெட்டை யோசித்தாள். "தெரியல ஆன்ட்டி. அவ வராம போனப்புறம்தான் இதையெல்லாம் யோசிக்கறேன்."

"பீரோன்னு வேற கிண்டல் பண்றீங்க."

"ஐயோ, அது நாங்க வெச்ச பேரு இல்ல. அவளே வெச்சுக்கிட்டது. அப்படிக் கூப்பிடலன்னா திரும்பிக்கூடப் பாக்க மாட்டா."

அக்காவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தானே பெற்று, தானே வளர்த்த பெண். யாரோ அடுத்த வீட்டுப் பெண்ணைப் பற்றிக் கேட்கிற மாதிரி இருந்தது.

மகள் திரும்பி வந்ததும் நேராகவே கேட்டாள். "உனக்கு அது பிடிச்சிருக்கா? அந்த முட்டு வாங்கறது?"

மகள் திருப்புளியைக் கீழே வைத்தாள். "அவங்க வேகமா வருவாங்கம்மா. நான் நகர மாட்டேன்னு எனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியாது. அந்த ஒரு நொடி எனக்கு அவ்வளவு நல்லா இருக்கும்."

"பந்து வேண்டாமா உனக்கு?"

"வேண்டாம்மா."

"பைத்தியம்" என்றாள் அக்கா. "கெளம்பு, மேடத்தைப் பாத்துட்டு வரலாம்."

விசில் மேடம் லேசில் மசியவில்லை. "நீங்க கேட்டதைச் செஞ்சேன், தோத்தேன். இப்ப இவளுக்கு பதிலா வேற பொண்ணைப் பழக்கிட்டேன். நாளைக்கு வந்து இன்னொண்ணு கேப்பீங்க."

"கேக்க மாட்டேன். எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம். தெரியாமத்தான் கேட்டேன்." அப்படி ஒரு வார்த்தை அக்காவின் வாயிலிருந்து வந்து மகள் கேட்டதே இல்லை. அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"வெளிய உக்காரட்டும். வேணும்னா இறக்கறேன்" என்றார் விசில் மேடம்.

கடைசி ஆட்டத்தன்று மகள் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள். முதல் பாதி முழுவதும் உட்கார்ந்திருந்தாள். புதுப் பெண் குறுக்கே போய் நின்றாள், ஆனால் முட்டு வரும் என்று தெரிந்ததும் அரை அடி விலகினாள். அந்த அரை அடிக்குள் எதிரணிக்காரிகள் புகுந்து வந்தார்கள். மருந்துக் கடைக்காரர் நகத்தைக் கடித்தார். அக்கா விசில் மேடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டதால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

பின்பாதியில் விசில் மேடம் பெஞ்சைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். மகள் எழுந்தாள்.

இன்றைக்குப் பந்தைப் பார்ப்பதில்லை என்று அக்கா முடிவு செய்தாள். அது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும். கண் தானாகவே பந்தின் பின்னால் ஓடியது. இழுத்து இழுத்து மகள் மேல் வைத்தாள். பார்த்தால், அவள் சும்மா நிற்கவே இல்லை. நெட்டை திரும்புவதற்கு முன்பே அவள் திரும்பினாள். "இடது! இடது!" என்று கத்தினாள். வளையத்துக்குக் கீழே எதிரணியின் பெரிய பெண்ணை முதுகாலேயே தள்ளிக்கொண்டு போனாள், அந்த இடைவெளியில் வேறு யாரோ பந்தைப் பிடித்தார்கள். அக்காவுக்குப் பாதி விளங்கியது. விளங்கிய பாதியே மற்ற பாதியைக் குழப்பியது. ஸ்கோர் பலகையில் புள்ளி காட்டுகிறார்கள், தவறு காட்டுகிறார்கள், நேரம் காட்டுகிறார்கள். இவள் செய்வதை எங்கே காட்டுகிறார்கள்?

மகளின் அணி ஒரு புள்ளி பின்னால் இருந்தது. நேரம் தீர்ந்துகொண்டிருந்தது. அரங்கமே எழுந்து நின்றது. மகள் ஓடிப்போய் ஓர் இடத்தில் நின்றாள், காலை அகட்டினாள். நெட்டை அவள் தோளை உரசிக்கொண்டு போனாள். பின்னாலேயே வந்தவள் முழு வேகத்தில் மோதினாள். மகள் நகரவில்லை. இரண்டு பேரும் சேர்ந்தே சாய்ந்தார்கள். கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சத்தம் வந்தது.

மருந்துக் கடைக்காரர் அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "போட்டுட்டா! என் பொண்ணு போட்டுட்டா! பாத்தீங்கல்ல?"

"நான் பாக்கல."

"பாக்கலியா? இவ்வளவு நேரம் எங்க பாத்துட்டு இருந்தீங்க?"

அக்கா கையை நீட்டினாள். அவர் எட்டிப் பார்த்தார். எல்லோரும் நெட்டையைச் சுற்றிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு வெகு தள்ளி, மகள் தரையில் உட்கார்ந்து, தன் மேல் மோதிய பெண்ணின் காலைப் பிடித்து நீவிக்கொண்டு, வளையத்தைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அங்க என்னம்மா இருக்கு?" என்றார் அவர்.

"அதான் எனக்கும் தெரியல" என்றாள் அக்கா. "ஆனா அங்கதான் இருக்கு."