சிலந்தியும் என் சர்டிபிகேட்டும்

போன திங்கட்கிழமை ஒரு சிலந்தியை ஏமாற்றினேன்.

சாந்தன்பாறைப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்து டிஸ்பென்சரியில் நான் கம்பவுண்டர் என்பது இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். மழை நாளில் கூட்டம் இருக்காது. கையில் இடுக்கி இருக்கிறது, பஞ்சு இருக்கிறது, நேரமும் இருக்கிறது. இப்படிப்பட்ட ஆளிடம் ஒரு சிலந்தி வந்து மாட்டினால் என்ன ஆகும்?

வேலந்தாவளத்து வாசகர் ஒருவர், மாட்டு வியாபாரி, கார்டு போட்டிருந்தார். “ஏனுங்க, எங்க ஊட்டு உத்தரத்துல ஒரு சிலந்தி தினமும் அளவு பிசகாம வலை கட்டுதுங்க. இது புத்திங்களா, இல்ல பொறவிக் கொணங்களா?”

நல்ல கேள்வி. பதில் தேடிக்கொண்டிருந்தபோதுதான் வராந்தாவில் அது ஓடியது. வலை கட்டாமல் தரையில் ஓடித் திரியும் ஜாதி. பின்பக்கம் மிளகளவுக்கு ஒரு வெள்ளை உருண்டை... முட்டைப் பை. அதை ஒட்டிக்கொண்டேதான் இது எங்கேயும் போகும், வரும்.

இடுக்கியால் பையைப் பிடுங்கினேன். சிலந்தி அங்குமிங்கும் அலைந்தது. அதே அளவில் பஞ்சை உருட்டி எதிரில் போட்டேன். தடவிப் பார்த்தது. எடுத்து ஒட்டிக்கொண்டது. போய்விட்டது!

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பஞ்சுக்கும் பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியாத ஜந்துவுக்குப் புத்தியாவது! “வெறும் பிறவிக் குணம்தான்” என்று வியாபாரிக்கு அன்றே பதில் எழுதிவிட்டேன். பிடுங்கிய பையை என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். குப்பைக் கூடையில் போட்டேன்.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். கோட்டயத்துக்காரர், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன்.

“காம்பவுண்டரே, ஒரு பிரஸ்னம். அந்தச் செல்லக்கனி தினமும் பத்து மணிக்கு வேலையைப் போட்டுட்டுப் பிள்ளைக் கொட்டகைக்குப் போறா. குழந்தை மரிச்சு மூணு ஆழ்ச்ச, மூணு வாரம் ஆச்சு. புத்தி சரியில்லன்னா எழுதித் தாங்க. சிக் லீவுல போடலாம், ரெண்டு மாசம் சொந்த நாட்டுக்குப் போயிட்டு வரட்டும், ரூம் அவளுக்கே இருக்கும். புத்தி சரியா இருக்குன்னா அதையும் எழுதுங்க. அப்புறம் சட்டப்படி நடக்கணும்.”

விஷயம் இதுதான். எங்கள் தோட்டத்தில் காலை பத்து மணிக்கு ஒரு விசில் ஊதுவார்கள். கைக்குழந்தைக்காரிகள் மட்டும் காய்க் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போய்ப் பால் கொடுத்துவிட்டு வரலாம். அரை மணி. செல்லக்கனியின் ஐந்து மாதக் குழந்தை காய்ச்சலில் போய்விட்டது. மருந்து கொடுத்தவன் நான்தான். புருஷன் அதற்கு முன்பே எங்கோ போய்விட்டான். கூலிக்காரர் குடியிருக்கும் லயத்தில் ஒற்றை அறை அவள் பெயரில். தோட்டத்து ஆள் பதிவேடான செக்ரோலில் பெயர் இருக்கும்வரைதான் அறை.

புதன்கிழமை வந்தாள். குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோண போஸ்டருக்குக் கீழே பெஞ்சில் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

எப்படி ஆரம்பிப்பது? “பிள்ளை இல்லேன்னு உனக்குத் தெரியுமில்லையா?” என்று கேட்டுத் தொலைத்தேன்.

“தெரியாம என்னய்யா? துணியில சுத்திக் குடுத்தது நாந்தான?”

“அப்புறம் ஏன் பத்து மணிக்குப் போறே?”

“விசிலு கேட்டா மாருல பாலு எறங்கிருதுய்யா. சட்டை நனைஞ்சிருது. கங்காணி முன்னால அப்படியே எப்படி நிக்க? கொட்டகைக்குப் பின்னால மறைவா உக்காந்து பீச்சி விட்டுட்டு வந்துருவேன். பாதி நேரங்கூட எடுக்க மாட்டேன்.”

“கொட்டகையில பிள்ளை பாக்குற ஆயா ஒண்ணும் சொல்றதில்லையா?”

“ஒருநா வேற புள்ளைய மடியில வச்சா. அது எம் மூஞ்சியப் பாத்து வீல்னு கத்திருச்சு. அதுக்கப்புறம் வாங்கல.”

குழந்தை செத்த அன்று ரிஜிஸ்டரில் எழுதினேன். இரண்டு நாள் லீவு போட்டுக் கொடுத்தேன். தாயின் மார்பில் பால் இருக்குமே என்று யோசித்தேனா? மல்லிகைப் பூ வைத்துக் கட்டிக்கொண்டால் வற்றும் என்று ஊரில் பெண்கள் சொல்வார்கள். இந்தக் குளிரில் மல்லிகைக்கு எங்கே போவது... ஆனால் போடியிலிருந்து பஸ் வருகிறதே, சொல்லி அனுப்பியிருக்கலாமே? எனக்கு அது தோன்றவே இல்லை.

அந்தச் சிலந்தியும் பஞ்சு என்று தெரிந்தேதான் எடுத்துக்கொண்டதோ, யார் கண்டது? வெறும் முதுகோடு திரிய முடியாமல் எதையாவது ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் வயிற்றுக்குள் புகுந்து பார்த்தவனா நான்? சிலந்தி செய்தால் பிறவிக் குணம். நாம் செய்தால் பழக்கம். கூலிக்காரி செய்தால் பைத்தியம்! தீர்ப்பு எழுதுகிறவன் என்னைப் போல பெஞ்சுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறான்.

இவ்வளவும் யோசித்தவன் அதோடு நிறுத்தியிருக்க வேண்டாமா? எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இவ்வளவு தெளிவாகப் பேசுகிறவளைப் பைத்தியம் என்று நான் எழுதுவதா? நல்ல பேனாவை எடுத்தேன். “இவருடைய புத்தி முற்றிலும் தெளிவாக இருக்கிறது. செய்வதை அறிந்தே செய்கிறார்” என்று எழுதினேன். பால் வற்றும்வரை, ஒரு மூன்று வாரம், பத்து மணி இடைவேளையைத் தொடர்ந்து கொடுக்க வேண்டும் என்றும் சேர்த்தேன். கையெழுத்தை அன்றைக்குக் கொஞ்சம் பெரிதாகவே போட்டேன்.

மேனேஜர் முதல் இரண்டு வரியோடு நிறுத்திக்கொண்டார்.

“அறிஞ்சுகொண்டு செய்றான்னு நீங்கதானே எழுதினது? அப்போ அது வேலையைவிட்டுப் போறதுதானே? இடைவேளை குழந்தை உள்ளவங்களுக்கு. குழந்தை இல்லையே. இதைப் பார்த்து நாளைக்கு எல்லாரும் போனால்?”

வாதாடினேன். பால் வற்றவில்லை என்றேன். மார்பு கட்டிக்கொண்டால் காய்ச்சல் வரும் என்றேன். சிக் லீவுக்கு மாற்றி எழுதித் தருகிறேன் என்றுகூடக் கெஞ்சினேன். “ஒரு ஆளுக்கு ரெண்டு சர்டிபிகேட்டா?” என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை செக்ரோலில் அவள் பெயரை அடித்துவிட்டார்கள். சனிக்கிழமைக்குள் அறையைக் காலி செய்யச் சொன்னார்கள்.

சனிக்கிழமை காலை டிஸ்பென்சரிக்கு வந்தாள். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பாய். நான் அவளுக்காகப் போடியிலிருந்து வரவழைத்த மல்லிகைப் பொட்டலம் மேஜை மேல் இருந்தது. கொடுத்தேன். வாங்கி மடியில் செருகிக்கொண்டாள். கோபமில்லை. அழவும் இல்லை.

“எங்கே போவே?”

“கழுகுமலைப் பக்கம் சித்தி ஒருத்தி இருக்கா. இருக்காளான்னு போயித்தான் பாக்கணும்.”

படி இறங்கியவள் திரும்பினாள். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறவள்போலக் கேட்டாள்.

“ஐயா, பைத்தியம்னே எழுதியிருக்கலாம்ல?”

எழுதியிருக்கலாம், தாயி.