சூரையை யாரு தின்னும்

"சாளை பாசியைத் தின்னும், சூரை சாளையைத் தின்னும். சூரையை யாரு தின்னும்?" சோற்றுக்கு உட்காரும்போதெல்லாம் சித்தப்பா கேட்பார்.

"நான்" என்பேன்.

"உன்னையோ?"

"யாருக்கும் முடியாது."

வீடே சிரிக்கும். விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு மேலே, குமரிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் நெருங்கிக் கிடந்த தெரு எங்களுடையது. பள்ளியில் மலையாளம், வீட்டில் தமிழ், தட்டில் மீன். மீன் இல்லாத நாள் காய்ச்சல் நாள் என்பாள் அம்மா.

தொண்ணூறுகளில் ஒரு மழைக்காலம். சித்தப்பா போன வள்ளம் அலையில் கவிழ்ந்தது. கூடப் போனவர்கள் நீந்தி வந்தார்கள். அவர் வரவில்லை. உடலும் கரை சேரவில்லை.

கடல் ஒருவரை எடுத்து வைத்திருக்கும்வரை எங்கள் தெருவில் மீன் வேகாது. எந்த மீன் எதைத் தின்றிருக்குமோ என்ற பயத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். மீன் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைப்பார்கள், அவ்வளவுதான். சேதி நகரத்துக்கும் போயிற்று. கரமனைச் சந்தையில் கூடை இறக்கிய எங்கள் தெருப் பெண்களிடம், "விழிஞ்ஞத்து மீனோ?" என்று கேட்டுவிட்டு ஆட்கள் நகர்ந்தார்கள். வாங்க ஆளில்லாமல் வள்ளங்கள் கரையேறின. வலை வெயிலில் காய்ந்தால் அடுப்பு மழையில் நனைந்த மாதிரி என்று எங்களவர்கள் சொல்வதுண்டு. வீட்டுக்கு வீடு கஞ்சி நீர்த்துக்கொண்டே போனது. ஆனாலும் சித்தியின் முகத்தைப் பார்த்து, போதும், இனி மீன் வைப்போம் என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்?

ஒரு நாள் காலையில், தூண்டில்காரர் ஒருவர் கொண்டுவந்த சூரை கேட்பாரில்லாமல் மணலில் கிடந்தது. சித்தி போய் அதைத் தூக்கிவந்தாள். வாசலிலேயே உட்கார்ந்து, தெரு பார்க்க அறுத்தாள். வயிற்றுக்குள் பாதி கரைந்த சாளைகள். ஒரு சாளையை நகத்தால் கீறினாள். பச்சையாய்ப் பாசிக் குழம்பு வழிந்தது. அதில் வேறொன்றும் இல்லை. பிறகு எல்லாவற்றையும் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள்.

குழம்பு கொதிக்கும்போது அம்மா அவள் கையைப் பிடித்தாள். "வேண்டாம் பிள்ளே. உன்னைத் தின்னச் சொல்லி யாரு கேட்டா?"

"கேக்க மாட்டாங்க அக்கா. அதுதான். நான் வாயில வச்சாத்தான் இந்தத் தெரு வாயில வைக்கும்."

வாசலில் அண்டை வீட்டுப் பெண்கள் வந்து நின்றார்கள். சித்தி ஒரு துண்டைப் பிட்டு, சோற்றில் வைத்துத் தின்றாள். மென்று விழுங்கும்வரை யாரும் அசையவில்லை. அடுத்த துண்டை என் தட்டில் வைத்தாள்.

பழக்கதோஷம். "சூரையை யாரு தின்னும் சித்தி?" என்று கேட்டேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நீதான் மக்களே" என்றாள் சித்தி. "தின்னு."

தின்றேன். அத்தனை நாள் பசி. பெண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் வீட்டுக்கு நடந்தார்கள். சாயங்காலம் தெரு முழுக்கப் புளியும் மிளகாயும் மணத்தன. மறுநாள் விடியுமுன்னே அப்பா வள்ளம் தள்ளப் போனார்.

சூரை தின்ற அன்று கை கழுவப் பின்பக்கம் போனபோது, தென்னைமூட்டில் சித்தி குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். குழம்பில் மிளகாய் எரிவு கூடிவிட்டது என்று நினைத்து ஒரு செம்பு தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவள் மீன் தின்று நான் பார்த்ததில்லை. எங்களுக்கெல்லாம் ஆக்கிப் போடுவாள். தனக்குத் துவையல் அரைத்துக்கொள்வாள். சித்திக்கு மீன் பிடிக்காது என்றே வெகுகாலம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.