ரோட்டு மேல் ரோடு

தஞ்சாவூர் அரண்மனைக்குப் பின்னால் ஒரு சந்து. வெள்ளிக்கிழமை காலை. பழைய வீடொன்றின் முன்னால் ஓர் அம்மா ரோட்டில் நின்றபடியே, வாசல் நிலையின் உச்சியில் செதுக்கிய கஜலட்சுமிக்குக் குங்குமம் வைக்கிறார். சிற்பம் அவர் நெஞ்சளவில்தான் இருக்கிறது.

“முன்னெல்லாம் ஸ்டூல் போட்டு ஏறித்தாங்க வைப்பேன். பழசைச் சுரண்டாம ரோட்டு மேலயே ரோடு போட்டுட்டாங்க. மூணு படி ஏறுன வீட்டுக்கு இப்ப மூணு படி இறங்கணும்.”

பக்கத்து வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. மழைத் தண்ணீர் உள்ளே புகுந்ததும் எல்லோரும் போய்விட்டார்களாம்.

சுவரில் புதிதாக ஒரு சிவப்புக் கோடு. அடுத்த ரோடு அதுவரை உயருமாம்.

“அப்ப உக்காந்தே வச்சிடலாம்” என்று சிரிக்கிறார்.

சேர்ந்து சிரிக்க அந்தச் சந்தில் நான் ஒருவன்தான். எனக்கும் பஸ்ஸுக்கு நேரமாகிறது.