பழைய பிரின்சிபலின் கதிரை

அப்பா தாடி வளர்க்கத் தொடங்கிய குளிர்காலத்தில் எனக்கு ஒன்பது வயது. வீட்டில் யாரும் சாகவில்லை; அவர் எந்தக் கோயிலுக்கும் நேர்த்தி வைக்கவுமில்லை. படிப்பு மும்முரத்தில் சவரம் செய்ய நேரமில்லை என்றார். அம்மா அதை நம்பினார். நம்பியதோடு நில்லாமல், நாடு விட்டு வந்து மல்வேர்னில் நாங்கள் இருந்த தொடர்மாடியின் லிஃப்டில் ஏறியவர்களுக்கெல்லாம் சொல்லியும் வைத்தார்.

ஊரில் அப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் இயந்திர வரைபடம் படிப்பித்தவர். இங்கே வாரநாட்களில் போத்தல் மூடி செய்யும் தொழிற்சாலையில் நின்றார். சனிக்கிழமைகளில் நகர நடுவில் கொலிச் என்று சொல்லும் கல்லூரி ஒன்றின் எஞ்சினியரிங் பள்ளிக்குப் போனார். இன்னும் இரண்டு வருடத்தில் அவர் எஞ்சினியராகிவிடுவார் என்பதில் அம்மாவுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. சனிக்கிழமை விடிந்தால் அவருடைய சட்டையை அம்மாதான் சூடாக அயன் வைத்து மினுக்குவார். ஊரிலிருந்து கொண்டுவந்த கொம்பாஸ் பெட்டியை வாசலில் வைத்து அவர் கையில் கொடுப்பார். வீடு, மாமரம், என் பூனை எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த எங்களோடு அந்தப் பெட்டி மட்டும் எப்படியோ கூட வந்திருந்தது.

சனிக்கிழமை பின்னேரம்வரை அம்மாவுக்கு நகரத்துக்கு வெளியே பிறம்ரனில் வெயர்ஹவுஸ் வேலை. அதனால் நான் கீழ்மாடி அன்ரி வீட்டில் இருப்பேன். அந்தச் சனிக்கிழமை அன்ரியின் மகனுக்கு அம்மாள் வருத்தம், உடம்பெல்லாம் கொப்புளம். என்னைக் கொலிச்சுக்குக் கூட்டிப்போகச் சொன்னபோது அப்பா இரண்டு தரம் மறுத்தார். அம்மா விடவில்லை.

"ஒரு மூலையிலை இருத்திவிடுங்கோவன். தேப்பன் படிக்கிறதைப் பிள்ளையும் பாக்கட்டும்."

கறுத்துப்போன செங்கல் கட்டடம் அது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வாசல்கள். ஒன்றின் தலையில் கல்லில் செதுக்கிய பற்சக்கரம். மற்றதில் மூக்குடைந்த ஒரு பெண்ணின் முகம். அப்பா பற்சக்கர வாசலால் நுழைந்தார். உள்ளே எண்ணெயும் ஈரச் சுண்ணாம்பும் கலந்த மணம். நடைவழியில் கிடந்த நீள வாங்கில் என்னை இருத்தி, தரை துடைத்துக்கொண்டிருந்த ஒரு அங்கிளிடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார். வகுப்பு அந்த மூலை திரும்பினால்தான் என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு நேரெதிரே சுவரளவு பெரிய ஒரு புகைப்படம். மீசைக்காரர் ஒருவர் ஒரு கையை இயந்திரச் சில்லின்மேல் வைத்திருந்தார். மறு கையில் வெள்ளையாக இன்னொரு கையைப் பிடித்திருந்தார். மணிக்கட்டோடு முடிந்துபோன மனிதக் கை.

மட்டக்களப்பைச் சேர்ந்த அந்த அங்கிள் நல்ல மனிதர். அது சித்திரம் பழக வார்த்த வெறும் சுண்ணாம்புக் கை என்று சொல்லி என்னைத் தேற்றினார். பிறகு, தேற்றியது போதாதென்று கதையும் சொன்னார். இருபதாம் நூற்றாண்டு தொடங்கிய நேரம் இந்தக் கட்டடத்தில் இரண்டு பள்ளிகள். கீழே எஞ்சினியரிங், மேலே சித்திரம். இரண்டையும் நடத்தியது படத்திலிருந்த இந்த ஒரே ஆள். காலையில் எண்ணெய்க் கையோடு இயந்திர அறையில் நிற்பார். மணி அடித்ததும் கையைக் கழுவிக்கொண்டு உட்படிக்கட்டால் ஏறிச் சித்திரப் பள்ளிக்குப் போவார். எஞ்சினியர்களைச் சுண்ணாம்புக் கையைப் பார்த்துப் படம் கீற வைப்பார். சித்திரக்காரர்களை இயந்திரம் கழற்ற வைப்பார். இரு பகுதிக்கும் அவரைக் கண்டால் ஆகாது. சித்திரப் பள்ளியில் பார்த்துக் கீறுவதற்கு முன்னால் இருக்க ஆள் கிடைக்காத நாட்களில் பிரின்சிபல் தானே போய்க் கதிரையில் அசையாமல் இருந்துவிடுவாராம். அதில் பாதி படத்துக்குக் கீழிருந்த பித்தளைத் தகட்டில் எழுதியிருந்தது. மீதியை அங்கிள் தன் சொந்தப் பொறுப்பில் சேர்த்துக்கொண்டார்.

"மேலுக்கு மட்டும் போகப்படா மகள். சனிக்கிழமையில அவர் இப்பவும் வந்து அந்தக் கதிரையில இருக்கார். களைச்சா, ஆரும் அம்புட்டா தனக்குப் பதிலா அவங்கள மாத்தி இருத்திப்போட்டுப் போயிருவார்."

சொல்லிவிட்டு வாளித் தண்ணீரை மாற்றப் போனார். அப்போதுதான் அப்பாவின் இருமல் கேட்டது. தொழிற்சாலைத் தூசியால் வந்த இருமல், எனக்கு நல்ல பழக்கம். அது மூலையிலிருந்து வரவில்லை. மேலேயிருந்து வந்தது.

அப்பாவுக்கு இந்தக் கதிரை விஷயம் தெரியாது. வழி தவறி ஏறிவிட்டார். யாராவது போய்ச் சொல்லவேண்டும். என்னைவிட்டால் அங்கே யாருமில்லை. படிகளின் நடுப்பகுதி தேய்ந்து குழிந்திருந்தது. சுவரோடு ஒட்டிக்கொண்டு, அந்தக் குழிகளில் கால் வைக்காமல் ஏறினேன்.

கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே இருபது பேர் இருந்தும் ஒரு பேச்சில்லை. கரிக்கட்டி கடதாசியில் உரசும் சத்தம் மட்டும். சுவர்த் தட்டுகளில் கண்ணில்லாத வெள்ளைத் தலைகள். முதலில் எனக்குத் தெரிந்தவை மரச் சட்டங்களில் குத்தியிருந்த படங்கள். எல்லாவற்றிலும் அப்பா இருந்தார். ஒன்றில் தாடி மட்டும். ஒன்றில் கண்ணுக்குப் பதிலாக இரண்டு குழிகள். எங்கள் வீட்டுச் சுவரில் அப்பப்பாவும் சின்ன மாமாவும் பிளாஸ்டிக் மாலையோடு இருந்தார்கள். உயிரோடு இருக்கிறவர்களின் படத்தை அம்மா மாட்டவிடுவதில்லை.

அதற்குப் பிறகுதான் கதிரையைப் பார்த்தேன். கழுத்திலிருந்து கால்வரை வெள்ளைத் துணி. ஊரில் செத்த சின்ன மாமாவை விறாந்தையில் கிடத்தியபோது போர்த்திய அதே மாதிரி. அதற்கு மேலே அப்பாவின் முகம் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அப்பா" என்றேன்.

படம் கீறியவர்களில் இரண்டுபேர் திரும்பினார்கள். அவர் திரும்பவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டேன். கண் திறந்துதான் இருந்தது, இமைகூட ஆடவில்லை. என் குரலுக்கு அப்பா திரும்பாமல் இருந்தது அதற்குமுன் ஒருநாளும் நடந்ததில்லை. பின்னாலிருந்து அங்கிள் ஓடிவந்து என்னைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

மத்தியானம் மூலைப் பக்கமிருந்து அப்பா வந்தார். மினுக்கிய சட்டை, கோட், கையில் கொம்பாஸ் பெட்டி. வகுப்பு முடிந்துவிட்டது, பசிக்கிறதா என்று கேட்டு என் கையைப் பிடித்தார். ஐஸ்கட்டிபோல் குளிர்ந்திருந்தது. பஸ்ஸில் நான் அவருக்குப் பக்கத்தில் இருக்கவில்லை.

சாப்பாட்டு நேரம் அம்மா என்னைத்தான் விசாரித்தார். அப்பா வகுப்பில் எங்கே இருந்தவர், பின்வரிசையோ?

"முன்னுக்கு" என்றேன். "எல்லாரும் அப்பாவைத்தான் பாத்துக்கொண்டிருந்தவை."

அம்மாவின் முகம் மலர்ந்ததை இப்போதும் மறக்க முடியவில்லை. படிப்பிக்கவும் விட்டுவிட்டார்கள் போல என்று அவரே முடிவுகட்டினார். கீழ்மாடி அன்ரிக்கு அன்றைக்கே செய்தி போனது. அப்பா வாயிலிருந்த புட்டை வெகுநேரம் விழுங்கவில்லை.

ஒரு கிழமை முழுக்க அவரை ஒளித்து ஒளித்துக் கவனித்தேன். தேத்தண்ணீர் குடிக்கிறாரா, நிழல் விழுகிறதா, தூங்கும்போது மூச்சு வருகிறதா. அடுத்த சனிக்கிழமை அவர் சப்பாத்துக் கயிறு கட்டக் குனிந்தபோது கேட்டேவிட்டேன். நான் கூப்பிட்டபோது ஏன் திரும்பவில்லை?

அப்பா அறைப்பக்கம் பார்த்தார். உள்ளே அம்மா வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். அப்பா கயிற்றை அவிழ்த்துத் திரும்பவும் கட்டினார்.

"அது நான் இல்லைப் பிள்ளை" என்றார் மெதுவாக. "அது பழைய பிரின்சிபல்."

எனக்கு உயிர் திரும்பி வந்தது. அப்பா சாகவில்லை; அவரை யாரும் மாற்றி இருத்தவில்லை. அந்த அங்கிளின் பேய்க்கதை நான் மேலே ஏறாமலிருக்கப் போட்ட வேலி என்று அப்போது தெரியாது. எஞ்சினியரிங் பள்ளி அப்பாவின் சான்றிதழ்களை முதல் நாளே திருப்பிக் கொடுத்துவிட்டது, படம் கீறுகிறவர்களுக்கு முன்னால் அசையாமல் இருப்பதற்கும் சம்பளம் தருவார்கள் என்று அந்த அங்கிள்தான் மேலே வழி காட்டினார், தாடியை எடுக்கவேண்டாமென்று கேட்டது சித்திர ரீச்சர் என்பதெல்லாம் பல வருடங்களுக்குப் பிறகு தெரிந்தது.

அன்றைக்கு நான் அறிந்தது ஒன்றுதான்: அப்பா படிக்கப் போகிறார், பெட்டியை மேசையில் மறந்துவிட்டார். அதை எடுத்துக்கொண்டு லிஃப்ட்வரை ஓடினேன். அம்மா கதவடியில் நின்று பார்த்துச் சிரித்தார். அப்பா இரண்டு கையாலும் அதை வாங்கி, கோட்டுக்குள் வைத்துக்கொண்டு, லிஃப்ட் கதவு மூடும்வரை என்னையே பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றார்.